தட்டினால் பிறக்கும் மணம்: பூண்டின் செடியும் சமையலும் சொல்லும்

பூண்டு, வெங்காயத்துக்கு நெருங்கிய உறவான குமிழ்ச் செடி. அதன் தாவரவியல் பெயர் அல்லியம் சட்டைவம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அது. வெங்காயமும் லீக் கீரையும் இதே அல்லியம் பேரினத்தைச் சேர்ந்தவை. ‘சட்டைவம்’ என்றால் ‘பயிரிடப்படுவது’ என்று பொருள். இந்தச் செடிக்கு மிகவும் பொருந்திய அடைமொழி அது. மனிதக் கை நடாவிட்டால் இன்றைய பூண்டில் பெரும்பகுதி பூமியில் நீடிக்காது. அதன் மணமும் அப்படித்தான். உரித்து, நறுக்கி, நசுக்கும் கைதான் அதை எழுப்புகிறது. எவ்வளவு எழுப்புவது என்பதில்தான் பூண்டுச் சமையலின் நுட்பம் முழுதும் இருக்கிறது.

மண்ணுக்கு மேலே பூண்டுச் செடி ஒன்றரை, இரண்டு அடி உயரம் வளரும். வெங்காயத் தாள் உள்ளே கூடான குழல். பூண்டின் தாளோ தட்டையானது, நடுவில் மடிந்தது. தண்டு போல நிமிர்ந்து நிற்பது உண்மையில் தண்டு அன்று. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி உருண்டு நிற்பதே அப்படித் தெரிகிறது. உண்மையான தண்டு, குமிழின் அடியில் வேர்கள் கிளம்பும் கெட்டியான வட்டத் தட்டு மட்டுமே. அந்தத் தட்டின்மேல், இலைக் கக்கங்களில் இருக்கும் மொட்டுகள் பருத்துப் பற்களாகின்றன. ஒவ்வொரு பல்லும் உணவைச் சேர்த்து வைத்த ஒரு தடித்த இலை. அதன் நடுவில் அடுத்த செடிக்கான முளை உறங்குகிறது. பற்களை மொத்தமாக மூடியிருக்கும் வெள்ளைத் தாள் போன்ற சருகுகள், காய்ந்துபோன இலையடிகள்.

பூண்டில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று நடுவே கெட்டியான பூந்தண்டு விடுவது. குளிர் மிகுந்த நாடுகளில் அதிகம். இதில் பற்கள் தண்டைச் சுற்றி ஒரே வட்டமாக அமையும். மற்றது பெரும்பாலும் பூந்தண்டு விடாதது. பற்கள் பல அடுக்காக நெருங்கியிருக்கும், நீண்ட நாள் கெடாது. சில நேரம் குமிழ் பற்களாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். நட்ட பல் மிகச் சிறியதாக இருந்தாலோ, போதிய குளிர் கிடைக்காவிட்டாலோ இப்படி ஆகும். சில ரகங்கள் இதற்கென்றே வளர்க்கப்படுகின்றன. அதுவே கடைகளில் கிடைக்கும் ஒற்றைப் பூண்டு.

விதை மறந்த பயிர்

பூண்டின் தாயகம் மத்திய ஆசியா. கசகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் நாடுகளை ஒட்டிய தியான் ஷான் மலைப் பகுதியில் அதன் காட்டு உறவுகள் இன்றும் வளர்கின்றன. அங்கிருந்து கிழக்கே சீனத்துக்கும், மேற்கே மெசபடோமியா, எகிப்து வழியாக மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும், தெற்கே இந்தியாவுக்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பரவியது.

இந்தப் பயணத்தில் பூண்டு தன் விதையை இழந்தது. பெரிய குமிழுக்காகவே மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நட்டதால், பூத்து விதைக்கும் ஆற்றல் மங்கியது. பூந்தண்டு விடும் ரகங்களிலும் பூங்கொத்துக்குள் பூக்களோடு குட்டிக் குமிழ்கள் நெருக்கி வளர்ந்து பூக்களை வாடச் செய்துவிடுகின்றன. விதை பிடிக்கக்கூடிய பூண்டு வகைகளை 1980களில் மத்திய ஆசியாவில் ஆய்வாளர்கள் மீண்டும் கண்டெடுத்தனர். அதன் பிறகே விதை வழியாகப் புதிய ரகங்களை உருவாக்கும் முயற்சிக்கு வழி பிறந்தது. உழவரின் வயலில் பூண்டு இன்னும் பல் நட்டே வளர்கிறது.

பல் நட்டு வளரும் செடி, தாய்ச் செடியின் அச்சு அசலான மறுபதிப்பு. நல்ல ரகம் குணம் மாறாமல் நூற்றாண்டுகள் தொடர்வது இதன் நன்மை. தீமையும் இதிலேயே இருக்கிறது: செடிக்குள் புகுந்த வைரஸ் நோய்கள் பல்லோடு பல்லாக அடுத்த பருவத்துக்கும் வந்துவிடும், ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் தேயும். அதனால் நோயில்லாத விதைப் பூண்டு கிடைப்பது உழவருக்கு உரத்தைவிட முக்கியமான செய்தி.

மலைப் பூண்டும் சமவெளிப் பூண்டும்

குமிழ் கட்டப் பூண்டுக்கு இரண்டு தூண்டுதல்கள் வேண்டும்: முதலில் சில வாரக் குளிர், பிறகு நீளும் பகல். வட இந்தியச் சமவெளியில் அக்டோபர், நவம்பரில் நட்டு, குளிர்காலத்தைக் கடந்து வெயில் ஏறும்போது அறுவடை செய்வது இதனால்தான். தமிழகச் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. இங்கே பூண்டு மலைப் பயிராக நிற்கிறது. நீலகிரியும் கொடைக்கானல் மலையும் அதன் இடங்கள்.

கொடைக்கானல் மேல்மலைச் சிற்றூர்களான மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி ஆகியவற்றின் படிக்கட்டு வயல்களில் ஆண்டுக்கு இருமுறை பூண்டு விளைகிறது. வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த நிறமும், காட்டமான மணமும், நீண்ட நாள் கெடாத தன்மையும் உடைய கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. அதை விதைக்காக வாங்கிச் செல்ல வடமாநில வணிகரும் வருகின்றனர்.

உலக விளைச்சலில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீனாவுடையது. இரண்டாம் இடத்தில் இருக்கும் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் விளைவிக்கிறது. அதில் மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் முன்னிற்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் சந்தைகளின் விலையே தமிழகக் கடைத்தெரு வரை எதிரொலிக்கும். பூண்டு காய்கறியா, மசாலாப் பொருளா என்ற கேள்வி மத்தியப் பிரதேசத்தில் பல ஆண்டு வழக்காகவே நடந்தது. எந்தச் சந்தையில், எந்த முறையில் விற்கலாம் என்பது அந்த வகைப்பாட்டைப் பொறுத்தது என்பதால் உழவரின் வருமானம் அதில் அடங்கியிருந்தது. பூண்டு காய்கறியே என்றும், இரு வகைச் சந்தையிலும் விற்கலாம் என்றும் 2024இல் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு முடிவு சொன்னது. நறுமணப் பொருள் வாரியத்தின் பட்டியலிலோ பூண்டு மசாலாப் பொருளாகவே இருக்கிறது. சமையலறையில் அது இரண்டுமாகவும் பயன்படுகிறது.

மணம் எங்கிருந்து வருகிறது?

உரிக்காத பூண்டுக்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். கத்தி பட்ட நொடியில் அறை முழுக்க மணக்கிறது. காரணம், பல்லுக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. ஒன்று அல்லீன் என்னும் கந்தகம் கலந்த சேர்மம். அதற்கு மணம் கிடையாது. மற்றது அல்லினேஸ் என்னும் நொதி. திசு கிழிந்ததும் இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. பச்சைப் பூண்டின் காரமும் காட்டமும் அதனுடையவை. வலியையும் எரிச்சலையும் உணர்த்தும் நரம்பு முனைகளை அது தீண்டுவதால்தான் நாக்கு சுரீர் என்கிறது.

செடியைப் பொறுத்தவரை இது தற்காப்பு. மண்ணுக்குள் குமிழைக் கடிக்கும் பூச்சிக்கும், துளைத்துப் புகும் பூஞ்சைக்கும் கடித்த இடத்திலேயே நஞ்சு கிடைக்கிறது. எந்நேரமும் நஞ்சைச் சுமந்தால் செடிக்கே கேடு என்பதால், காயம் பட்ட பிறகு உண்டாகும்படி அது வகை செய்துகொண்டிருக்கிறது.

இந்த வேதியியலைப் பிரித்தறிய நூறு ஆண்டுகள் ஆயின. தியோடர் வெர்தைம் என்பவர் 1844இல் பூண்டை நீராவியில் வடித்து அதன் எண்ணெயை எடுத்தார். அதில் கண்ட வேதித் தொகுதிக்குப் பூண்டின் லத்தீன் பெயரைக் கொண்டே ‘அல்லைல்’ என்று பெயரிட்டார். அமெரிக்காவில் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் 1944இல் அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினர். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ஸ்டோலும் ஸீபெக்கும் அதற்கு மூலமான அல்லீனைக் கண்டறிந்தனர்.

அல்லிசின் நிலையற்றது, விரைவில் சிதைந்து வேறு கந்தகச் சேர்மங்களாகிறது. அவற்றுள் அல்லைல் மீத்தைல் சல்பைடு என்பது உடலுக்குள் எளிதில் சிதைவதில்லை. ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளிவருகிறது. பூண்டு தின்றவர் பல் துலக்கிய பிறகும் வாசம் போகாதது இதனால்தான். சாப்பாட்டோடு பால், பச்சை ஆப்பிள் துண்டு, புதினா ஆகியவற்றைச் சேர்த்தால் இந்த வாசம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுப்பில் பூண்டு

அல்லினேஸ் நொதி சூட்டையும் கடும் புளிப்பையும் தாங்காது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் பூண்டுச் சமையலில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முழுப் பல்லை உரித்து அப்படியே எண்ணெயில் வதக்கினாலோ குழம்பில் வேகவிட்டாலோ, அல்லிசின் பிறக்கும் முன்பே நொதி செயலிழக்கிறது. பல் மெத்தென்று வெந்து இனிக்கும். பூண்டில் மாவுச்சத்தைவிட ஃப்ரக்டான் என்னும் சர்க்கரைத் தொடரே மிகுதி. அது மெல்ல உடைந்து தரும் இனிப்பு அது. பூண்டுக் குழம்பில் கை நிறையப் பல் போட்டாலும் காட்டம் தெரியாததற்குக் காரணம் இதுவே. அதே பல்லை நசுக்கினால் சுவை பல மடங்கு கூடும். விழுதாக அரைத்தால் இன்னும் கூடும். எவ்வளவு திசு கிழிகிறதோ அவ்வளவு காரம். ரசத்துக்குப் பூண்டைத் தோலோடு தட்டிப் போடுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வழி: கொஞ்சம் அல்லிசின் பிறக்கும், கொதியில் அது மென்மையாகும்.

நசுக்கிய பூண்டைப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு அடுப்பில் சேர்த்தால், அதற்குள் உருவான கந்தகச் சேர்மங்களில் ஒரு பங்கு சூட்டுக்குப் பிறகும் தங்கும். பொன்னிறம் தாண்டிக் கருகிய பூண்டு கசக்கும். பொடியாக நறுக்கியது வெங்காயத்தைவிட விரைவில் கருகும். அதனால் வெங்காயம் பாதி வதங்கிய பின் பூண்டைச் சேர்ப்பது நல்லது. முளை விட்ட பல்லின் நடுவிலிருக்கும் பச்சைத் தளிர் சற்றே கசக்குமே தவிர, தீங்கானதன்று.

எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறும் பூண்டு சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறுவதுண்டு. கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் கொட்டிவிடுகின்றனர். கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து உண்டாக்கும் நிறமி அது, தின்னலாம். வட சீனாவில் குளிர்காலத்தில் ‘லாபா’ பூண்டு என்று வினிகரில் ஊறவைத்து, அது மரகதப் பச்சையாக மாறுவதற்காகவே காத்திருப்பர்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. மண்ணிலிருந்து பல்லோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் நுண்ணுயிரின் வித்துகள் காற்றில்லாத எண்ணெய்க்கு அடியில் முளைத்து, நரம்பை முடக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும். கனடாவின் வான்கூவர் நகரில் 1985இல் எண்ணெயில் ஊறிய பூண்டால் பலர் இப்படிப் பாதிக்கப்பட்டனர். பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அவ்வப்போது செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுவதே முறை. உப்போடு புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்ந்த ஊறுகாய் வேறு. அந்தப் புளிப்பில் நுண்ணுயிர் வளராது. முழுப் பூண்டைக் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

ஊருக்கு ஊர்

தமிழ்ச் சமையலில் பூண்டு ரசம், பூண்டுக் குழம்பு, பூண்டு ஊறுகாய் மூன்றும் அதற்கே உரியவை. உளுந்தங்கஞ்சி, வெந்தயக் கஞ்சி, ரமலான் மாத நோன்புக் கஞ்சி ஆகியவற்றிலும் அது உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று பூண்டைப் பாலில் வேகவைத்தும் குழம்பாக வைத்தும் கொடுப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்துச் செய்யும் பத்தியக் கறியிலும் அது தவறாது இடம்பெறும். தாய் தின்ற பூண்டின் மணம் தாய்ப்பாலில் சேர்வதையும், அந்தப் பாலைக் குழந்தைகள் கூடுதல் நேரம் சப்பியதையும் அமெரிக்காவின் ஜூலி மென்னெல்லாவும் கேரி பீச்சம்பும் 1991இல் ஆய்வில் பதிவு செய்தனர். பால் அதிகம் சுரக்கிறதா என்பது வேறு கேள்வி. குழந்தை மணத்தை அறிகிறது என்பது உறுதி.

ஆந்திரத்தில் வெல்லுல்லிக் காரம், மும்பை வடா பாவில் உலர்ந்த பூண்டுச் சட்னி. லெபனானில் பூண்டையும் எண்ணெயையும் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் வெண்ணெய்போல் குழைத்துச் செய்யும் ‘தூம்’. ஸ்பெயினின் கட்டலோனியாவில் அதன் உறவான ‘அல்லியோலி’. கொரியாவில் பூண்டில்லாமல் கிம்ச்சி இல்லை. முழுப் பூண்டை மிதமான சூட்டிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் வைத்து, கருத்து இனிக்கும் கறுப்புப் பூண்டாக்குவதும் கொரியா, ஜப்பான் வழக்கம். சீனரும் கொரியரும் இளம் பூந்தண்டையே காய்கறியாக வதக்கி உண்கின்றனர்.

விருப்பும் விலக்கும்

எகிப்தின் துட்டன்காமன் கல்லறையில் பூண்டுக் குமிழ்கள் கிடைத்தன. பெரிய பிரமிடைக் கட்டியவர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கவே 1600 தாலந்து வெள்ளி செலவானதாகக் கல்வெட்டு ஒன்று சொன்னதென்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். விவிலியத்தின் எண்ணாகமத்தில், பாலைவனத்தில் அலைந்த இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற பூண்டை நினைத்து ஏங்குகின்றனர்.

இந்தியாவில் பூண்டு ஒரே நேரத்தில் போற்றவும் ஒதுக்கவும் பட்டது. பவர் சுவடி எனப்படும் பூர்ச்சமரப் பட்டை ஏடுகள் 1890இல் மத்திய ஆசியாவின் கூச்சா பகுதியில் ஆங்கிலேய அதிகாரி ஹாமில்டன் பவரின் கைக்கு வந்தன. இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையான அந்தச் சமஸ்கிருதச் சுவடியின் முதல் நூலே பூண்டின் பிறப்பையும் மருத்துவப் பயனையும் விரிவாகப் பேசுகிறது. அமுதத்தைக் களவாடிக் குடித்த அசுரனின் தலையைத் திருமால் வெட்டியபோது சிந்திய துளிகளில் பூண்டு முளைத்தது என்பது கதை. அமுதத்திலிருந்து வந்ததால் மருந்து, அசுரன் உடலிலிருந்து விழுந்ததால் விலக்கு என்று இரண்டுக்கும் அந்தக் கதையே காரணம் சொல்லிவிடுகிறது. மனு ஸ்மிருதி பூண்டை விலக்கியது. சமணர் மண்ணுக்கடியில் விளைவதை உண்பதில்லை. கிழக்காசிய பௌத்தத் துறவிகள் காட்டமான ஐந்து பொருட்களில் ஒன்றாக அதை ஒதுக்குகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த சீனப் பயணி பாஹியான், நடு இந்தியாவில் சண்டாளர் தவிர யாரும் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று எழுதினார். உணவு விலக்கு சாதி வேலியாகவும் இருந்ததற்கு அது சாட்சி.

மருந்தும் வரம்பும்

ஆய்வுக்கூடத்தில் அல்லிசின் பல நுண்ணுயிர்களைக் கொல்கிறது. உடலுக்குள் அது அதே வடிவில் நிலைப்பதில்லை என்பதால் பூண்டை நோய்க்கொல்லி மருந்துக்கு மாற்றாகக் கருத முடியாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பூண்டு மாத்திரைகள் சிறிதளவு அழுத்தத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. கொழுப்பு பற்றிய நம்பிக்கை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் மாத்திரைகளும் கொடுத்து 2007இல் வெளியிட்ட முடிவில், கெட்ட கொழுப்பின் அளவு மாறவில்லை.

பூண்டு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் பூண்டு மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பச்சைப் பூண்டைத் தோலில் அரைத்துக் கட்டினால் தீப்புண் போன்ற கொப்புளம் வரும். குழந்தைகளுக்கு அப்படிச் செய்யவே கூடாது. வாயுத் தொல்லைக்குப் பருப்போடு பூண்டு சேர்ப்பது வழக்கமென்றாலும், எளிதில் குடல் கலங்குவோருக்கு அதன் ஃப்ரக்டானே வயிற்றை உப்பச் செய்யும். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைப்பது அவர்களுக்கு ஏற்றது. நாய்க்கும் பூனைக்கும் பூண்டு நஞ்சு. அவற்றின் சிவப்பணுக்களை அது சிதைக்கும்.

பெயர்கள்

தமிழில் ‘பூண்டு’ என்பது முதலில் இந்த ஒரு செடியின் பெயர் அன்று. மரம், செடி, கொடி, புல் என்ற வரிசையில் சிறு செடியைக் குறிக்கும் பொதுச்சொல் அது. ‘புல் பூண்டு முளைக்காத தரை’ என்பதிலும், ‘பூண்டோடு அழிந்தது’ என்பதிலும், வெட்டுக்காயப் பூண்டு போன்ற மூலிகைப் பெயர்களிலும் அந்தப் பழைய பொருளே இருக்கிறது. வெண்ணிறக் குமிழுடையது வெள்ளைப்பூண்டு, பேச்சில் வெள்ளைப்பூடு. அன்றாடப் பேச்சில் அடைமொழி உதிர்ந்து, பொதுச்சொல்லே ஒரு பொருளின் பெயராகிவிட்டது. ‘அணிந்து’ என்று பொருள்படும் ‘பூண்டு’, ‘பூண்’ என்ற வினையிலிருந்து வந்த வேறு சொல்.

இன்னொரு பெயர் உள்ளி. வெள்ளுள்ளி என்ற தமிழ்ச் சொல்லும், மலையாள வெளுத்துள்ளியும், கன்னடப் பெள்ளுள்ளியும், தெலுங்கு வெல்லுல்லியும் ஒரே குடும்பம். எல்லாவற்றுக்கும் பொருள் வெள்ளை உள்ளி. சிங்களத்தின் ‘சுது லூனு’, மலாயின் ‘பாவாங் பூத்தே’ இரண்டுக்கும் வெள்ளை வெங்காயம் என்றே பொருள். தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் நிறத்தைப் பார்த்துப் பெயரிட, ஆங்கிலேயரின் முன்னோர் வடிவத்தைப் பார்த்தனர்: ‘கார்லிக்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஈட்டி, லீக் என்ற இரு சொற்களின் சேர்க்கை. சமஸ்கிருத லசுனம் இந்தியில் லஹ்சுன் ஆனது. ரசோனம் என்ற மறுபெயர் வங்காளத்தில் ரசுன் ஆனது. ஆறு சுவைகளில் புளிப்பு ஒன்று மட்டும் குறைந்தது என்பதால் ரசோனம் என்று ஆயுர்வேத நூல்கள் விளக்கம் தருகின்றன. லத்தீன் அல்லியம், போர்ச்சுகீசிய மொழியில் ‘அல்யோ’ ஆகி, மதுவும் பூண்டும் சேர்த்து இறைச்சியை ஊறவைக்கும் முறையின் பெயரோடு கோவாவுக்கு வந்தது. அதுவே இன்றைய விந்தாலு.

தமிழ் பேசும் இடங்களுக்குள்ளேயே உள்ளி ஒரே பொருளில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். பூண்டு வேண்டுமென்றால் வெள்ளைப்பூண்டு என்றே கேட்க வேண்டும். ஒரு பழைய செய்முறையில் ‘நாலு உள்ளி’ என்று எழுதியிருந்தால், எழுதியவரின் ஊரை அறிந்த பிறகே அதை அடுப்பில் ஏற்ற முடியும்.